மருமகள் செய்த வேலை: ஜப்பானின் முதியோர் பராமரிப்புக் காப்பீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

1970-களுக்குப் பிறகு ஜப்பானில் புழங்கிய நகைச்சுவை ஒன்று உண்டு. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் தினமும் கூடும் பாட்டிகள் பேசிக்கொள்கிறார்கள். "என்ன, இன்னிக்கு அந்த அம்மாவைக் காணோம்?" "அவங்களுக்கு உடம்பு சரியில்லையாம். அதான் வரலை."

மருத்துவமனை திண்ணையாகிப்போன கதை இது. அந்தத் திண்ணையை மறுபடி மருத்துவமனையாக்க ஜப்பானுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது. 65 வயதைத் தாண்டியோர் அங்கே 1970-ல் மக்கள்தொகையில் 7% இருந்தார்கள். 1994-ல் 14%. இதே தூரத்தைக் கடக்க பிரான்ஸுக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. 2024-ல் ஜப்பானின் கணக்கு 29.3%. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்.

இந்த எண்களை எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்க்க விரும்புவது வேறு: படுக்கையில் விழுந்த முதியவரை நடு இரவில் புரட்டிப் போடுவது யார் என்ற கேள்விக்கு அந்த நாடு அறுபது ஆண்டுகளில் எத்தனை பதில்களை முயன்றது என்பதை.

பனி ஊரின் முன்னோட்டம்

இவாத்தே மாகாணத்து மலைக்கிராமம் சவாவுச்சி. குளிர்காலத்தில் பனி ஊரையே மூடிவிடும், வெளியே போக வழி இருக்காது. 1957-ல் ஃபுகாசவா மசாவோ அங்கே ஊர்த்தலைவரானபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் எழுபது குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மருத்துவரிடம் போவது வீட்டுக்கு வைக்கும் செலவு என்று வலியைச் சொல்லாமலே முதியோர் காலத்தை ஓட்டினார்கள்.

ஃபுகாசவா முதலில் சுகாதாரச் செவிலியர்களை வீடு வீடாக அனுப்பினார். பிறகு 1960 டிசம்பரில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு 60 வயதுக்கு மேற்பட்டோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதை விரித்தார். நோயாளி தன் பங்கைச் செலுத்தியே ஆக வேண்டும் என்கிறது தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம், இது சட்ட மீறல் என்று மேலிடத்திலிருந்து தடை வந்தது. அந்தச் சட்டத்தை மீறினாலும் அரசியலமைப்பை மீறவில்லை என்று வாதாடி நின்றார் மனிதர். 1962-ல் சவாவுச்சியில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை.

இதைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. 1969-ல் டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி 70 வயதுக்காரர்களுக்கு இலவசமாக்கினார். 1973 ஜனவரியில் தானாகா காகுவேய் அரசு நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. அந்த ஆண்டுக்கு 'நலவாழ்வின் முதலாண்டு' என்று பெயரே வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. நேரம் என்பது இதுதான்.

என் பார்வையில் கோளாறு எண்ணெயில் இல்லை. சவாவுச்சியின் வெற்றிக்கு இரண்டு கால்கள்: ஒன்று இலவசம், மற்றது வீடு தேடிவந்த செவிலியர். டோக்கியோவும் தேசமும் நகலெடுத்தது முதல் காலை மட்டும்.

ஊறவைத்த முதியோர்

விளைவுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'ஷகாய்தேக்கி நியூயின்', அதாவது சமூகக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்வது. நோய் பெரிதாக இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முதியோர் இல்லங்கள் 1963-ம் ஆண்டுச் சட்டப்படி இருக்கத்தான் செய்தன. ஆனால் அங்கே இடம் கேட்டால் நகராட்சி அதிகாரி வீட்டு வருமானத்தையும் உறவுகளையும் துருவுவார். 'பெற்றவரை இல்லத்தில் தள்ளிவிட்டார்கள்' என்ற பேச்சு வேறு. மருத்துவமனையில் சேர்த்தால் செலவும் இல்லை, ஊர்ப் பேச்சும் இல்லை. "அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.

மருத்துவமனைகளுக்கும் இது கசக்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகப் பணம் கிடைக்கும் முறை. 'மருந்தில் ஊறவைத்தது, பரிசோதனையில் ஊறவைத்தது' என்ற சொல்லாடலே பிறந்தது. நம் ஊறுகாய்போல அவர்கள் காய்கறியை ஊறவைக்கும் 'ட்சுகே' என்ற சொல்லை வைத்து. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர்களுக்குக் கால் மடங்கிப்போனது, முதுகில் புண் வந்தது. 'நெதாகிரி', படுத்த படுக்கையானவர், என்ற சொல் நாளிதழ்களில் அன்றாடம் வரத் தொடங்கியது.

1982-ல் முதியோர் சுகாதாரச் சட்டம் இயற்றி, 1983 பிப்ரவரியிலிருந்து சிறு கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். வெளிநோயாளிக்கு மாதம் 400 யென், உள்நோயாளிக்கு நாளுக்கு 300 யென். திண்ணைப் பாட்டிகளில் சிலர் குறைந்திருக்கலாம். படுக்கையில் கிடந்தவர் எழுந்து எங்கே போவார்?

இதற்கிடையே ஹிரோஷிமா மாகாணத்தின் மித்சுகி என்ற சிற்றூரில் ஓர் அறுவை மருத்துவர் வேறொன்றைக் கவனித்திருந்தார். யாமாகுச்சி நொபோரு என்று பெயர். பக்கவாதம் வந்தவர்களைக் காப்பாற்றி, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிறார். ஓரிரு ஆண்டில் அவர்களே படுக்கைப் புண்ணோடும் நினைவு தடுமாறியும் திரும்பி வருகிறார்கள். சிகிச்சையில் பிழை இல்லை. வீட்டில் பகலெல்லாம் ஆள் இல்லை, அதனால் படுக்கவைத்தே விட்டிருக்கிறார்கள். இவர்கள் படுக்கையில் விழுந்தவர்கள் அல்ல, விழவைக்கப்பட்டவர்கள் என்று அவர் புரிந்துகொண்டார். 1970-களின் நடுவில் மருத்துவமனையிலிருந்து செவிலியரையும் இயன்முறைப் பயிற்றுநரையும் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். 1980-களில் ஊராட்சியின் சுகாதாரப் பிரிவையும் நலப் பிரிவையும் மருத்துவமனைக் கூரையின் கீழேயே கொண்டுவந்தார். ஒரே குடும்பத்துக்காக மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்குவது நின்றது. இன்று ஜப்பான் அரசு 'சமூகம் சார்ந்த ஒருங்கிணைந்த பராமரிப்பு' என்று தேசியக் கொள்கையாகப் பேசுவதன் விதை அந்த ஊரில்தான்.

பாசமா, வேலையா

1989-ல் 'பொன் திட்டம்' வந்தது. வீட்டு உதவியாளர்களையும் பகல்நேர மையங்களையும் பெருக்கப் பத்தாண்டு இலக்கு. கூடவே 'படுத்த படுக்கையே இல்லை' என்ற இயக்கம். போதவில்லை. வரிப்பணத்தில் நடக்கும் எதையும் ஜப்பானியக் குடும்பங்கள் தர்மமாகத்தான் பார்த்தன, கேட்கக் கூச்சம். காப்பீடு என்றால் கதை வேறு. பிரீமியம் கட்டியவனுக்குக் கேட்க உரிமை உண்டு. 1995-ல் ஜெர்மனி பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீட்டைத் தொடங்கியிருந்ததும் கண்முன் இருந்தது.

ஜெர்மனியில் வீட்டில் பார்த்துக்கொள்ளும் உறவினருக்குப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஜப்பானும் அப்படிச் செய்யுமா என்பதில்தான் பெரிய சண்டை. ஹிகுச்சி கெய்கோ 1983-ல் தொடங்கிய பெண்கள் அமைப்பு அதைக் கடுமையாக எதிர்த்தது. பெண்கள் அமைப்பு பெண்களுக்குப் பணம் வருவதை எதிர்ப்பதா என்று தோன்றும். அவர்கள் வாதம் எளிமையானது: வீட்டுக்குப் பணம் வந்தால் அது குடும்பத்தின் பைக்குப் போகும், வேலை மட்டும் மருமகளின் தலையில் நிற்கும், 'காசுதான் வருகிறதே' என்று அவள் வெளியேறும் கதவும் சாத்தப்படும். பணம் வேண்டாம், ஆளை அனுப்புங்கள் என்றார்கள். வென்றார்கள்.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. சட்டம் 1997 டிசம்பரில் நிறைவேறி, நடைமுறைக்கு வரச் சில மாதங்களே இருந்த நிலையில், 1999-ல் ஆளும் கட்சியின் கொள்கைத் தலைவர் காமேய் ஷிசுகா, பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது நம் அழகிய மரபல்லவா என்று கொடி பிடித்தார். நமக்கும் பழகிய குரல்தான். அந்த மரபைத் தோளில் சுமந்தவள் யார் என்ற விவரம் மட்டும் அந்தக் குரலில் எப்போதும் இருப்பதில்லை. சமரசமாக, முதியோரிடம் முதல் ஆறு மாதம் பிரீமியம் வசூலிப்பதில்லை, அடுத்த ஓராண்டு பாதி என்று முடிவானது. 2000 ஏப்ரல் 1 அன்று திட்டம் தொடங்கியது.

மாமனார் மாமியாரைப் பல ஆண்டு பார்த்துக்கொண்ட மருமகளுக்கு ஜப்பானியச் சட்டத்தில் வாரிசுரிமை இல்லை. அவள் உழைப்புக்கு ஈடாக வாரிசுகளிடம் பணம் கேட்கும் வழி பிறந்ததே 2019 ஜூலையில்தான்.

எழுபத்து நான்கு கேள்விகள்

திட்டத்தை நடத்துவது நகராட்சி. 40 வயதானால் பிரீமியம் கட்டாயம். செலவில் பாதி பிரீமியம், பாதி வரி. வரிப் பாதியில் மத்திய அரசு 25%, மாகாணம் 12.5%, நகராட்சி 12.5%. 65 வயதைத் தாண்டியவர் காரணம் எதுவானாலும் சேவை கேட்கலாம். 40 முதல் 64 வரை உள்ளவருக்குப் பதினாறு குறிப்பிட்ட நோய்கள் இருந்தால் மட்டும்.

மகள் நகராட்சியில் விண்ணப்பம் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். கையில் 74 கேள்விகள். தானே புரண்டு படுக்கிறாரா? ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? நகம் வெட்டிக்கொள்கிறாரா? விழுங்குவதில் சிரமமா? பிறந்த தேதி சொல்கிறாரா? இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா? இங்கேதான் ஒரு மனித நாடகம் நடக்கும். நேற்றுவரை சட்டை மாட்ட முடியாத அப்பா, அந்நியர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாம் நானே செய்துகொள்கிறேன் என்பார். பின்னால் நிற்கும் மகள் கண்ணால் இல்லை இல்லை என்பாள்.

பதில்கள் கணினிக்குப் போகின்றன. இவரைப் பார்த்துக்கொள்ள நாளுக்கு எத்தனை நிமிடம் தேவை என்று அது மதிப்பிடும். 32 நிமிடத்திலிருந்து பராமரிப்பு நிலை 1. 110 நிமிடத்துக்கு மேல் நிலை 5. அதற்குக் கீழே 'ஆதரவு' என இரண்டு படிகள். ஆக மொத்தம் ஏழு. தொடக்கக் காலத்தில் இந்தக் கணினி நன்றாக நடமாடும் மறதி நோயாளிகளைக் குறைத்தே மதிப்பிட்டது. கால் நன்றாக இருப்பவர்தானே நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு போவார்? அதனால் மருத்துவரின் கருத்தையும் வைத்துக்கொண்டு ஒரு குழு இறுதி முடிவை எடுக்கிறது. 'மதி கெட்டவர்' என்ற தொனியுள்ள பழைய சொல்லை அரசு கைவிட்டு, 'நின்சிஷோ' என்ற புதிய சொல்லுக்கு மாறியது 2004 டிசம்பரில்.

நிலை முடிவானால் மாதாந்திர உச்சவரம்பு கிடைக்கும். நிலை 5-க்கு 36,217 புள்ளிகள். புள்ளிக்கு ஏறத்தாழ பத்து யென். அதற்குள் கேர் மேனேஜர் ஒரு வாரத் திட்டம் போடுவார்: திங்கள், வியாழன் பகல்நேர மையத்தில் குளியல், தினமும் காலை உதவியாளர், மாதத்தில் சில நாள் குடும்பம் மூச்சு விட, தற்காலிகத் தங்கல். கட்டணத்தில் 10% நோயாளி தருவார். வருமானம் கூடியவர்களுக்கு 2015-ல் 20%, 2018-ல் இன்னும் மேலே உள்ளோருக்கு 30% ஆனது.

குளியலை நான் வேண்டுமென்றே முதலில் சொன்னேன். ஆழமான தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் உட்காராவிட்டால் அங்கே அது குளியலே அல்ல. அதில் முடியாதவரை இறக்கி ஏற்றத்தான் வீட்டில் முதுகு முறிந்தது. தொட்டியையே வண்டியில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து குளிப்பாட்டிவிட்டுப் போகும் சேவையும் காப்பீட்டில் உண்டு.

மாற்றம் வந்ததா? வந்தது. கூடவே வசிக்கும் முதன்மைப் பராமரிப்பாளர் யார் என்ற அரசின் கணக்கெடுப்பில், பிள்ளையின் துணைவர், அதாவது பெரும்பாலும் மருமகள், 2001-ல் 22.5%. 2022-ல் 5.4%. திட்டத்தின் மிகப் பெரிய சாதனை என்று நான் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் அவள் விட்ட இடத்தில் முழுக்க அரசு வந்து நிற்கவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பில் இருக்கிறது. வீட்டில் சேர்ந்து வசித்துப் பார்த்துக்கொள்ளும் ஜோடிகளில் இருவருமே 65-ஐத் தாண்டியவர்கள் 63.5%, இருவருமே 75-ஐத் தாண்டியவர்கள் 35.7%. கிழவரைக் கிழவி பார்க்கிறார். நாளுக்கு 110 நிமிடக் கணக்கு 24 மணி நேரத்தை மூடாது. குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுவோர் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர்.

பணம் வந்த வழி

தொடக்கத்தில் பராமரிப்புத் தேவை உள்ளவர் என்று சான்று பெற்றவர்கள் 21.8 லட்சம் பேர். இப்போது 70 லட்சத்துக்கும் மேல். முதியோரின் சராசரி மாத பிரீமியம் 2,911 யென்னில் தொடங்கி, 2024-26 காலத்துக்கு 6,225 யென்னில் நிற்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நகராட்சியும் சேவையைக் கணக்கிட்டு பிரீமியத்தை மாற்றும். அதனால் ஓசாகா நகரத்தில் 9,249 யென், தொலைதூரத் தீவான ஓகாசவாராவில் 3,374 யென். தனியே வாழும் ஏழை முதியோர் மிகுந்த ஊரில்தான் செலவும் அதிகம். பாரம் தாங்காதவர் தலையிலேயே பாரம் ஏறுகிறது என்று வாதிட இடமிருக்கிறது.

2005-ல் இல்லங்களில் உணவுக்கும் அறைக்கும் தனிக் கட்டணம். 2015-லிருந்து பொது முதியோர் இல்லங்களில் நிலை 3 முதல் 5 வரை உள்ளவர்தான் புதிதாகச் சேரலாம். காத்திருப்புப் பட்டியல் சுருங்கியது. வரிசையில் நின்றவர்களில் ஒரு பகுதியை வரிசைக்கே தகுதியில்லை என்றாக்கினால் சுருங்காமல் என்ன செய்யும்?

மருத்துவப் பக்கம் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2008 ஏப்ரலில் 75 வயதுக்கு மேற்பட்டோரைப் பிரித்துத் தனிக் காப்பீட்டில் வைத்தார்கள். வரி 50%, இளையோர் பங்களிப்பு 40%, முதியோர் பிரீமியம் 10%. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வைத்த பெயர்: 'பிற்காலக் கட்ட முதியோர் மருத்துவத் திட்டம்'. எங்களைக் கடைசிக் கட்டம் என்கிறார்களா என்று முதியோர் கொதித்தார்கள். தொடங்கிய அன்றே பிரதமர் ஃபுகுதா 'நீண்ட ஆயுள் மருத்துவத் திட்டம்' என்று அழைக்கச் சொன்னார். யாரும் அழைக்கவில்லை. ஒழித்துவிடுவோம் என்று வாக்குறுதி தந்து 2009-ல் வென்ற ஜனநாயகக் கட்சியும் ஒழிக்கவில்லை.

யூபாரி: படுக்கையே போனால்?

ஹொக்கைடோவின் நிலக்கரி நகரம் யூபாரி. 1990-ல் கடைசிச் சுரங்கமும் மூடியது, 2007-ல் நகராட்சியே திவாலானது. 171 படுக்கைகள் கொண்ட நகர மருத்துவமனை 19 படுக்கை மருத்துவகமாகச் சுருங்கியது. முராகாமி தொமோஹிகோ என்ற மருத்துவர் வந்து பொறுப்பேற்று, வீடு தேடிப் போகும் மருத்துவத்தை முன்னே வைத்தார். பின்னாளில் அதே மருத்துவகத்தின் தலைவராக இருந்த மொரிதா ஹிரோயுகி, பயந்தபடி இறப்புகள் கூடவில்லை, காரணம் 'முதுமை' என்று எழுதும் சான்றிதழ்கள்தான் கூடின என்று நாடெங்கும் பேசிவருகிறார். மருத்துவமனை இல்லாமலே வாழலாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்குத் தயக்கம். தீவிர சிகிச்சை வேண்டியவர் பெருநகரமான சப்போரோவுக்குப் போயிருப்பார், அவர் யூபாரியின் கணக்கில் வரமாட்டார். ஆனாலும் சவாவுச்சியை நகலெடுத்தபோது விடுபட்டுப்போன இரண்டாவது கால், வீடு தேடிப் போகும் கால், இங்கே திரும்பி வந்தது. அதுவும் கையில் காசு இல்லாதபோது.

கைகள்

பணத்தைச் சட்டம் போட்டுத் திரட்டலாம். கைகளை அப்படித் திரட்ட முடியவில்லை. 2022-ல் பராமரிப்புப் பணியாளர்கள் சுமார் 21.5 லட்சம் பேர். 2040-ல் 27.2 லட்சம் பேர் வேண்டும் என்கிறது சுகாதார அமைச்சகம். வீட்டு உதவியாளர் வேலைக்கு வருபவர் ஒருவர் என்றால் காலியிடம் பதினைந்து என்ற அளவுக்கு 2022 நிதியாண்டில் போனது. சம்பளத்தை மறைமுகமாகத் தீர்மானிப்பது அரசு நிர்ணயிக்கும் சேவைக் கட்டணம். அதைக் கூட்டினால் பிரீமியம் ஏறும், பிரீமியம் கட்டுபவர் வாக்காளர். மருமகள் சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு விலை போட்டபோது, அதைச் சும்மா செய்யும் வேலையாகவே பார்த்த பழக்கம் விலைக்குள்ளும் புகுந்துகொண்டது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டினரை அழைத்தார்கள். 2008-ல் இந்தோனேசியா, 2009-ல் பிலிப்பைன்ஸ், 2014-ல் வியட்நாம். தங்கள் நாட்டில் செவிலியம் படித்தவர்கள் பலர். ஜப்பானில் மூன்றாண்டு வேலை பார்த்தபின் தேசியத் தேர்வு எழுத வேண்டும், ஜப்பானிய மொழியில். படுக்கைப் புண்ணுக்கு 'ஜொகுசோ' என்று ஒரு சொல்; அதை எழுதும் சீன வழி வந்த 'கான்ஜி' எழுத்துகளைப் பார்த்தால் சாதாரண ஜப்பானியரே தடுமாறுவார். 2012 ஜனவரியில் முதல் குழுவில் 95 பேர் எழுதி 36 பேர் தேறினார்கள். புண் வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கைகள், அதை எழுதத் தெரியாததால் கப்பலேறின. பிறகு எழுத்துகளுக்கு மேலே உச்சரிப்பு போட்டார்கள், நேரத்தைக் கூட்டினார்கள். 2017-ல் பயிற்சியாளர் விசா, 2019-ல் 'குறிப்பிட்ட திறன்' விசா. 2021-ல் இந்தியாவும் இதில் ஒப்பந்தம் போட்டது. இந்த இரு விசாக்களில் வந்தவர்களை இல்லங்களில் வேலை செய்ய விட்டாலும், முதியவரின் வீட்டுக்குள் தனியே அனுப்ப அரசுக்கு நெடுநாள் மனம் வரவில்லை. 2025 ஏப்ரலில்தான் அந்தக் கதவும் திறந்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2024-ல், வீட்டு உதவிச் சேவையின் அடிப்படைக் கட்டணத்தை அரசு குறைத்திருந்தது. அந்தத் துறையின் சராசரி லாபம் நன்றாக இருக்கிறது என்று காரணம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலேயே இருபது பேரைப் பார்க்கும் நிறுவனத்தையும், பனிச்சாலையில் அரைமணி நேரம் வண்டி ஓட்டி ஒருவரைப் பார்க்கும் நிறுவனத்தையும் சேர்த்து எடுத்த சராசரி. ஓட்டும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. சிறிய நிறுவனங்கள் மூடின.

திட்டம் வருமுன்னே, 1990-களின் கடைசியில், எதிர்த்தவர்கள் எழுப்பிய முழக்கம் ஒன்றுண்டு: 'காப்பீடு இருக்கும், பராமரிப்பு இருக்காது.' அப்போது அது மிகை என்று தள்ளப்பட்டது. இன்று வீட்டு உதவி நிறுவனம் ஒன்றுகூட இல்லாத கிராமங்கள் ஜப்பானில் இருக்கின்றன. அந்தக் கிராமத்து முதியோருக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓய்வூதியம் வருகிறது, பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு.